தறிக்குழியில் விட்ட பிள்ளை

எங்கள் வீட்டில் பிள்ளையைப் பத்திரமாக விட்டுப் போக ஓர் இடம் இருந்தது. அது ஒரு குழி. இன்று யாரிடம் சொன்னாலும் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். யுத்தம் நடந்த வருஷங்களில் திருத்தணி மலையடியில், நெசவாளர் தெருவில் பிள்ளை வளர்த்த எவரைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேர் அந்தக் குழிக்குள் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான்.

நான் அந்தத் தெருவில் பிறந்தவள் இல்லை. என் பிறந்த வீட்டில் தறி தாத்தா காலத்தோடு போயிற்று. அப்பா அரக்கோணத்தில் ரயில்வேயில் சேர்ந்தார். லைன் வீட்டில் கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே தண்டவாளம். பிள்ளைகள் விஷயத்தில் என் அம்மாவுக்கு ஒரே ஒரு கணக்குதான். நாங்கள் அடித்துக்கொண்டு கத்தினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். சத்தம் அடங்கினால் மட்டும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி. பேச்சு மூச்சில்லாமல் இருக்கிற பிள்ளை எங்கேயோ போகக்கூடாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவளுடைய எண்ணம். அந்தக் காது எனக்கும் வாய்த்துவிட்டது.

கல்யாணம் ஆகித் திருத்தணிக்கு வந்த அன்றே அந்தக் குழியோடு எனக்கு அறிமுகம் ஏற்பட்டது. வாசல் அறையிலேயே தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட, அடியில் ஒரு குழி வெட்டியிருக்கும். காலால் அழுத்துகிற மிதிகள் அதற்குள் இருக்கும். வெயிலிலிருந்து உள்ளே வந்த எனக்குக் கண் தெரியவில்லை. புதுப்பெண் வலது காலை வாசலிலும் இடது காலைக் குழியிலும் வைத்தாள் என்று தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எனக்கு அன்றைக்கே மூக்குக்கு மேல் கோபம். ஆனால் புதுப்பெண் கோபத்தை யார் மதிக்கிறார்கள்?

வீட்டில் நான், கணவர், மாமனார் மூன்று பேர்தான். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் கணவர் தன் அப்பாவை நைனா என்பார், நான் மாமா என்பேன். மாமனார் அதிகம் பேச மாட்டார், பேசினால் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். தெருவில் பாவுக்கு, அதாவது தறியில் ஏற்றுகிற நெடுக்கு நூலுக்கு, கஞ்சி போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

மகள் பிறந்து, தவழ ஆரம்பித்த பிறகு நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். எந்த மூலைக்குப் போனாலும் கண் அந்தக் குழியிலேயே இருக்கும். ஆண்கள் தறியை விட்டு எழுந்ததும் கூடையைக் கவிழ்த்து வைப்பேன், முறத்தைச் சாத்தி வைப்பேன், ஒரு நாள் அம்மிக்குழவியைக்கூட உருட்டிக்கொண்டு வந்து வைத்தேன். என் கணவர் வந்து எல்லாவற்றையும் ஒரு காலால் தள்ளிவிட்டு நெய்ய உட்காருவார். மாமனாருக்கு இதெல்லாம் வேடிக்கை.

"குழியப் பாத்து இன்னாத்துக்கும்மா பயப்படற?" என்றார் ஒரு நாள். "மேல இருந்தா வுழும். உள்ளயே வுட்டுட்டா எங்க வுழும்? ஏறவும் முடியாது. எம் புள்ளைங்க எல்லாம் இதுக்குள்ள குந்திகினு வளந்ததுங்கதான்."

என் கணவர் தலையாட்டினார். தான் அந்தக் குழியில் வளர்ந்ததை ஏதோ பெரிய பள்ளிக்கூடத்தில் படித்ததைப்போலச் சொல்லிக்கொள்வார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாவு நாள் வந்தபோது ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. புதுப் பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவில் நீள விரித்து, மூங்கில் கவைகள் மேல் தூக்கிக் கட்டி, கேழ்வரகுக் கஞ்சி தெளித்து, பெரிய புருசால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீவிக்கொண்டே நடப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். நடுவில் கை நின்றால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குச்சியாகிவிடும், பிறகு அந்த நூலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. யுத்தத்தால் நூல் கண்ட்ரோலில், அளவு வைத்து வந்துகொண்டிருந்த காலம். ஒரு பாவு போனால் அடுத்த நூல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை தறி சும்மா நிற்கும், வீட்டில் அடுப்பும் பாதி சும்மா நிற்கும்.

மாமனாரும் கணவரும் புருசு பிடிப்பார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து மாத்தாளாக வருகிறவர்கள் அறுந்த இழைகளை முடிவார்கள். இன்று நீ எங்கள் பாவுக்கு வந்தால் நாளை நான் உங்கள் பாவுக்கு வருவேன், அதுதான் மாத்தாள். எனக்குக் கொடுத்த வேலை வால் கயிறு. பாவின் கடைசி நுனியில் கட்டிய கயிற்றை எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த கம்பத்தில் சுற்றி, அதன் நுனியைப் பிடித்திருக்க வேண்டும். நனைந்து இறுகும்போது கொஞ்சம் விட வேண்டும், தொய்ந்தால் இழுக்க வேண்டும். கைவிட்டால் பாவு முழுவதும் மண்ணில் விழும். ரயில்காரர் பெண்ணுக்கு இழை முடியத் தெரியாது, கயிறாவது பிடிக்கட்டும் என்று கொடுத்தார்கள்.

பிள்ளையை யார் பார்ப்பது? ஆள் இல்லை. தெருவில் விட்டால் கொதிக்கிற கஞ்சிப்பானை, மலைக்கு வருகிற வண்டிகள், மாடுகள். ஆகவே குழியில் சாக்கை மடித்துப் போட்டு, கையில் பொரி கொடுத்து இறக்கிவிட்டோம். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அவளுக்கு அது பிடித்திருந்தது. மிதிப்பலகையைத் தூக்கி மண்சுவரில் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருப்பாள். அது தெருவரை கேட்கும். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தை வைத்தே காலையை ஓட்டிவிடுவேன். இரண்டு மூன்று பாவுகள் இப்படியே போயின. மாமனார் என்னைப் பார்த்து, எப்படி, என்கிறமாதிரி புருவத்தைத் தூக்குவார். நான் கயிற்றை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பேன்.

அடுத்த பாவுக்குள் அவள் பிடித்துக்கொண்டு நிற்கக் கற்றிருந்தாள். அதன் அர்த்தம் எங்கள் மூன்று பேரில் யாருக்கும் உறைக்கவில்லை.

அன்று காலை மலைமேல் மணி அடித்து ஓய்ந்திருந்தது. கஞ்சி பாதி தூரம் ஏறியிருந்தது. உள்ளே டொக் டொக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மிதி ஒரு தரம் பலமாக விழுந்த சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நான் காத்திருந்தேன். அழுகை இல்லை, சிரிப்பு இல்லை. பக்கத்தில் வந்துகொண்டிருந்த மாமனாரிடம், பிள்ளை சத்தத்தைக் காணோம், ஒரு நிமிஷம் கயிற்றைப் பிடியுங்கள் என்றேன். அவர் புருசை நிறுத்தாமலே சொன்னார்.

"குழிக்குள்ளதான கீது, எங்க போவப் போவுது? தூங்கிப் பூட்டிருக்கும். கயித்த வுடாத."

பொரி கையில் இருக்கிற பிள்ளை காலை வேளையில் தூங்குமா? நான் கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். பின்னால் கவைகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்வதும், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதும் கேட்டது.

தறியில் பாவு இருக்கும்போது, மேலே இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலிருந்து மிதிக்கு இறங்கும் கயிறுகள் விறைப்பாக நிற்கும். பாவு நாளில் தறி காலி. கயிறுகள் தொய்ந்து வளையம் வளையமாகத் தொங்கும். என் மகள் மிதிமேல் ஏறி நின்று அந்த வளையம் ஒன்றில் தலையை நுழைத்திருக்கிறாள். மிதி வழுக்கியிருக்கிறது. நான் பார்த்தபோது கால் விரல் நுனி மட்டும் சாக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. முகம் நிறம் மாறியிருந்தது. வாய் திறந்திருந்தும் சத்தம் வரவில்லை.

குழியில் எப்படி இறங்கினேன், கயிற்றை எப்படி எடுத்தேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை. தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டினேன். அவள் ஒரு மூச்சை இழுத்தாள், பிறகு வீறிட்டு அழுதாள். என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. இன்னும் அழு, இன்னும் அழு என்று நானும் அழுதேன்.

மாமனார் கையில் கஞ்சி வழிய, திட்டிக்கொண்டே உள்ளே வந்தார். ஒரு பாவு மண்ணாய்ப் போயிற்று, கயிறு பிடிக்கத் துப்பில்லாதவள் என்று ஆரம்பித்தவர் வாசற்படி தாண்டியதும் நிறுத்திவிட்டார். நான் பிள்ளையின் முகவாயைத் தூக்கி, கழுத்தில் சிவந்து கிடந்த தடத்தைக் காட்டினேன். அவர் அப்படியே தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். மலைமேல் இருக்கிறவன்தான் காப்பாற்றினான், நல்லவேளை, முடியிறக்கிக் காது குத்துங்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமனாரும் மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆங், அவன்தான் காப்பாத்தினான். கயித்த வுட்டுட்டு ஓடுன்னு எங்கிட்ட சொன்னதும் அவன்தான்" என்றேன்.

அன்று மத்தியானம் மாமனார் குழிக்குள் இறங்கித் தொங்கிய கயிறுகளை எல்லாம் அவிழ்த்து உத்தரத்தில் போட்டார். மறுநாள் எங்கிருந்தோ பலகைகளைக் கொண்டுவந்து குழிக்கு ஒரு மூடி அடித்தார். தறியை விட்டு எழுந்தால் மூடி, உட்கார்ந்தால் திறப்பு. என் கணவர் ஒரு முறை மூடாமல் எழுந்து போனதற்கு, அவ்வளவு பெரிய மனிதரை, என் எதிரிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

ஆனால் மூடி போட்டுவிட்டால் ஆயிற்றா? குழியும் இல்லை என்றால் பாவு நாளில் பிள்ளை எங்கே? அதைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மண்ணில் விழுந்த பாவில் தேறியதைப் பிரித்து எடுத்தோம், அரைகுறையாகச் சாப்பிட்டோம், ரொம்ப நாள் கழித்து நூல் வந்தது. மறுபடியும் கவைகள் தெருவுக்கு வந்தன, கஞ்சி கொதித்தது, மாத்தாட்கள் வந்து நின்றார்கள். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை.

என் கணவர் சைகை காட்டினார். நான் மலையைப் பார்த்தேன். கஞ்சி ஆற ஆரம்பித்தது. மாமனார் வந்து எதிரில் நின்றார்.

"கயித்த யார் புடிக்கறது?"

"புள்ளைய யார் புடிக்கறதுன்னு சொல்லுங்க மாமா. கயித்த நான் புடிக்கறேன்" என்றேன்.

எதிர் வீட்டில் ஒரு பெண், நிறைமாதம். அவளால் பாவு பக்கத்தில் நிற்க முடியாது என்று அந்த மாதம் விட்டு வைத்திருந்தார்கள். அவள் தன் வாசலிலிருந்து, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். உடனே அவள் புருஷன், அப்படியானால் எங்கள் வீட்டு மாத்தாள் ஒன்று தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் மற்ற ஆண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையைப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதற்கு ஓர் ஆள் கணக்கா என்றார்கள். நாளைக்கு அடுப்பு ஊதுவதற்கும் மாத்தாள் கேட்பார்கள் என்று ஒருவன் சொன்னான். ஊதித்தான் பாரேன் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமனார் கையைத் தூக்கினார்.

"எங்க பாவுக்கு அந்தப் பொண்ணு ஒரு ஆளு. புருசு புடிக்கறவன் எப்பிடியோ அப்பிடியே வெச்சிக்கங்க."

அவ்வளவுதான் சொன்னார். அவர் புருசின் மேல் தெருவுக்கு இருந்த மரியாதையால் யாரும் மேலே பேசவில்லை. சிரித்தவன் போய்க் கவையை நிமிர்த்தினான். நான் மகளை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். இழை முடிய வந்திருந்த ஒருத்தி தன் பையனையும் கொண்டுபோய் அங்கேயே விட்டாள். இன்னொருத்தி, வீட்டுக்குள் குழியில் இறக்கிவிட்டு வந்திருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெயில் ஏறுவதற்குள் எதிர் வீட்டு வாசல் நிறையப் பிள்ளைகள்.

அதற்குப் பிறகு தெருவில் எந்த வீட்டுப் பாவு என்றாலும், புருசுக்கு இன்னார், கயிற்றுக்கு இன்னார் என்பதோடு பிள்ளைகளுக்கு இன்னார் என்பதும் சேர்ந்துகொண்டது. எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு கிழவர் பிள்ளைகளுக்குக் காவல் இருந்து, முதலில் தூங்கியது அவர்தான். ஒருத்தி எல்லாப் பிள்ளைகளையும் ஒரே புடவையால் தூணில் கட்டிப் போட்டாள். அவளிடம் நான் போட்ட சண்டை மலைமேல் கேட்டிருக்கும். ஆனாலும் குழிகளுக்கு ஒவ்வொரு வீடாக மூடி வந்தது. எங்கள் வீட்டு மூடியைப் பார்த்துத்தான் அடித்தார்கள். மாமனாரே போய் அளவு பார்த்துக் கொடுத்தார், யாரும் கூப்பிடாமலே.

என்னிடம் மட்டும் அவர் அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு என் பக்கம் என்றும் சொல்லவில்லை, தன் பக்கம் என்றும் சொல்லவில்லை. பாவு போனதுதான் அவருக்குள் இன்னும் உறுத்துகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைக்க நினைக்கக் கோபம் வரும். பிள்ளை கழுத்தைவிட நூல் பெரிதா என்று சட்டிபானையிடம் கேட்பேன்.

மாசி மாதம் மறுபடி எங்கள் பாவு. எதிர் வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையோடு தெருப் பிள்ளைகளையும் வாசலில் உட்கார வைத்திருந்தாள். மகள் இப்போது நன்றாக நடப்பாள். எல்லோர் மடியிலும் பொரி. கிருத்திகை முடிந்து மலையிலிருந்து இறங்கியவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மாமனார் தெருவின் அந்தக் கோடியில் புருசோடு இருந்தார். கஞ்சி நன்றாக ஏறி, நீவவேண்டிய பதத்தில் பாவு இருந்தது. அந்த நேரத்தில் ஒரு ஆடு வந்து, என் மகள் மடியில் இருந்த பொரியில் வாயை வைத்தது. அவள் போட்டாளே ஒரு கூச்சல், மலையிலிருந்து இறங்கிப் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. ஆடு தெரிந்தது, எதிர் வீட்டுப் பெண் அதை விரட்டுவது தெரிந்தது. அதனால் கயிற்றைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடியிலிருந்து பார்த்த மாமனாருக்கு ஒன்றும் தெரியவில்லை. கூச்சல் மட்டும் கேட்டிருக்கிறது. புருசைப் பாவின் மேலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். அந்த வயதில், வேட்டி அவிழ, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, கவை ஒன்றில் மோதி அதையும் தள்ளிவிட்டு ஓடி வந்தார். வந்த வேகத்தில் பிள்ளையைத் தூக்கிக் கழுத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். பிறகுதான் ஆடு அவர் கண்ணில் பட்டது.

தெருவே சிரித்தது. நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். ஆட்டைப் பார்த்த பிறகும் அவர் விரல்கள் அந்தக் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். இத்தனை மாதமாக அந்த மனிதர் எதைச் சுமந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்தக் கோடியில் கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. என் கணவர் தனியாக ஒரு புருசை வைத்துக்கொண்டு திண்டாடினார். ஒரு பக்கம் இழைகள் ஒட்ட ஆரம்பித்துவிட்டன.

"நைனா, பாவு போவுது நைனா" என்று கத்தினார்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். கைக்கஞ்சியெல்லாம் என் மகளின் சட்டையில் அப்பியிருந்தது. அவள் அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"போனா போவுது" என்றார்.

அவரிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளட்டுமா என்று எதிர் வீட்டுப் பெண் எனக்குச் சைகை காட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் அவர் வைத்திருக்கட்டும் என்று தோன்றியது.